ரிசீவர் யார் அறையில் இருக்கிறது?

குடவாசலில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதி ஒருகாலத்தில் ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. முற்றத்துக்கு மேல் தகரம் போட்டு, கூடத்தைப் பலகையால் தடுத்து, பின்கட்டில் மாடி எழுப்பிப் பதினெட்டுப் பெண்களுக்கு இடம் பண்ணியிருந்தார்கள். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவர்கள், கல்லூரி மாணவிகள், என்னைப்போல ஓரிரண்டு ஆசிரியர்கள். ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பையன்கள் அட்டைப்பெட்டிகளோடு வந்து வயர்லெஸ் அலாரம் மாட்டினார்கள். நான் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் ஏணியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பும், ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தன.

அன்று மாலைக்குள் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு கட்டடத்தின் பாதுகாப்பு அமைப்பை நாவலைப்போல வாசிக்கலாம். யார் பேசலாம், யார் சொல்வது காதில் விழும், யாருக்குக் குரலே கிடையாது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வாசிப்புதான்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதவுகளிலும் ஜன்னல்களிலும் காந்த சென்சார் ஒட்டுகிறார்கள். நிலையில் ஒரு துண்டு, கதவில் ஒரு துண்டு. கதவு திறந்து இரண்டும் விலகினால் சென்சார் ஒரு ரேடியோ அலையை அனுப்பும். கூடத்தில், மாடிப்படியில் வைக்கிற இன்னொரு வகை, நடமாடும் உடலின் வெப்பத்தைக் கண்டுகொள்ளும். ஆபத்தில் அழுத்துவதற்கு பேனிக் பட்டன் உண்டு. இவை எல்லாவற்றின் அலைகளையும் வாங்கிக்கொள்ளும் சிறு பெட்டிதான் ரிசீவர். அது நான்கு கம்பிகளால் முதன்மைப் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். சைரனை ஊதச் செய்வதும், உரியவரின் கைபேசிக்குச் செய்தி அனுப்புவதும் அந்தப் பலகையின் வேலை.

எங்கள் விடுதிக்கு வந்தது ஒருவழி அமைப்பு. சென்சார் பேசும், ரிசீவர் கேட்கும், அவ்வளவுதான். தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று சென்சாருக்குத் தெரியாது. அதனால்தான் அது ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இன்னொன்று, ரிசீவர் எல்லோருக்கும் காது கொடுப்பதில்லை. ஒவ்வொரு சென்சாரின் முதுகிலும் ஒரு வரிசை எண் அச்சிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பலகையில் பதிந்து, இது முதல் மண்டலம், இது இரண்டாம் மண்டலம் என்று இடம் கொடுத்த பிறகே அதன் குரல் குரலாக எடுத்துக்கொள்ளப்படும். பதியாத சென்சார் எத்தனை முறை கத்தினாலும் ரிசீவருக்கு அது வெறும் இரைச்சல். ஏணியைப் பிடித்தபடி இதைக் கேட்டபோது பெண்களின் வரலாற்றையே யாரோ சுருக்கிச் சொல்வதுபோல இருந்தது எனக்கு.

ரிசீவரை எங்கே மாட்டுவது என்பதில் சிக்கல் தொடங்கியது. கையேடு தெளிவாகச் சொல்லியிருந்தது: கட்டடத்தின் நடுவில், உயரமான இடத்தில், இரும்புச் சாமான்களுக்கும் மின்கருவிகளுக்கும் தள்ளி மாட்ட வேண்டும். உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும், திருப்பியடிக்கும். இன்வெர்ட்டர், மோட்டார் போன்றவை தம் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். எங்கள் வீட்டில் இந்த விதிகளுக்குப் பொருந்தும் இடம் ஒன்றே ஒன்றுதான், கூடத்து மரத்தூணின் உச்சி. நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற, துணி மடிக்கிற, சண்டை போடுகிற கூடம்.

விடுதி நடத்துபவர் அதற்கு ஒப்பவில்லை. "பொண்ணுங்க கையப் போட்டுக் கெடுத்துடும்ங்க தம்பி. ஆபீஸ் ரூம்லயே மாட்டுங்க" என்றார். ஆபீஸ் அறை வீட்டின் முன்மூலையில் இருந்தது. அங்கே இரும்பு பீரோ, பக்கத்தில் இன்வெர்ட்டர், சுவரோ ஒன்றரை முழக் கனம். பையன் பீரோவுக்கு மேலே ரிசீவரை மாட்டிவிட்டுச் சோதனைக்குப் போனான். வாசல் கதவு கேட்டது. மாடிக் கதவு கேட்டது. கொல்லைப்புறக் குளியலறை நடையில் இருந்த கதவு கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை. "டீச்சர், ரிசீவர நடுவுல கொண்டாந்தா எல்லாம் கேட்கும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ரிசீவர் நகரவில்லை. பட்டியலிலிருந்து குளியலறை நடைதான் போனது. பேனிக் பட்டன் இரண்டும் பதியப்படாமலே ஆபீஸ் மேசை டிராயருக்குள் போயின. "அதெல்லாம் சும்மாச் சும்மா அழுத்துவாங்க" என்பது காரணம்.

இந்த ஒரு முடிவைக் கவனித்துப் பாருங்கள். கேட்கும் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இயற்பியல் ஒரு விடை சொன்னது, அதிகாரம் வேறு விடை சொன்னது. அதிகாரத்தின் விடை நிலைத்தபோது, பெண்கள் உடைமாற்றும், குளிக்கும், இருட்டில் தனியாகப் போய்வரும் இடம் கேட்காத இடமாயிற்று. எதைப் பாதுகாக்க வேண்டுமென்று எங்களைக் கேட்டிருந்தால் பதினெட்டுப் பேரும் முதலில் அந்த நடையைத்தான் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை.

பதியப்பட்ட மண்டலங்கள் ஐந்து: வாசல் கதவு, மாடிக் கதவு, கொல்லைக் கதவு, கூடத்து ஜன்னல், மாடிப்படி. இரவு எட்டு மணிக்கு அலாரம் போடப்படும், காலை ஐந்தரைக்கு எடுக்கப்படும். எடுப்பதற்கும் போடுவதற்கும் உரிய ரகசிய எண் நடத்துபவருக்கும் வார்டன் அம்மாவுக்கும் மட்டும். செய்தி போவது நடத்துபவரின் கைபேசிக்கு.

காந்த சென்சாருக்குத் திசை தெரியாது. கதவு திறந்தது என்று மட்டும் சொல்லும். திறந்தவர் உள்ளே வந்தாரா, வெளியே போனாரா, திருடனா, தங்கியிருப்பவளா என்பது அதற்குப் பொருட்டில்லை. திசையைக் கொடுப்பது ரகசிய எண். எண் உள்ளே இருப்பவளிடம் இருந்தால் அதே கருவி வெளியாளைத் தடுக்கும் பூட்டு. எண் இன்னொருவரிடம் இருந்தால் உள்ளே இருப்பவளே அலாரத்தின் இலக்கு. தொழில்நுட்பம் நடுநிலையானது என்பார்கள். காந்தத்தின் மட்டில் அது உண்மைதான். மண்டலப் பட்டியல் எழுதப்படும்போதே நடுநிலை முடிந்துவிடுகிறது.

மூன்றாவது வாரம் அது நடந்தது. எங்களில் ஒரு தோழி கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். மாற்று ஆள் வரத் தாமதமானதால் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தாள். வார்டன் அம்மா மாடியில் இருந்தார். தட்டிய சத்தம் கேட்டு மாணவி ஒருத்தி போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். சைரன் தெருவெல்லாம் ஊதியது. எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள். கைபேசிக்குப் போன செய்தியைக் கண்ட நடத்துபவர் முதலில் அழைத்தது இவளை அல்ல, ஊரிலிருக்கும் இவளுடைய அப்பாவை. அடுத்த ஞாயிறு அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளை அழைத்துப் போனார். வேலையும் போயிற்று. அந்த வீட்டில் அந்த அலாரம் பிடித்துக்கொடுத்த முதல் ஆள், பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண்.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு நமக்கு உரிமையும் இல்லை. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக்கூடாது என்ற நிலை அதனால்தான் உருவானது. பொறுப்பில்லாமல் திறந்துகிடந்த கதவுகளுக்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலையை மறந்துவிட்டு யாரும் பூட்டுகளைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் ஆபத்து எப்போதும் வெளியிலிருந்துதான் வருமா? 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியின் அறைகளில் ஒளித்துவைத்த கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கைதானது விடுதியை நடத்தியவர். கண்டுபிடித்தவர்கள் தங்கியிருந்த பெண்கள், கைபேசியில் ஒரு செயலியை இறக்கி அவர்களே தேடிக் கண்டார்கள். அங்கே வாசலில் எத்தனை அலாரம் இருந்திருந்தாலும் ஒன்றுகூட ஊதியிருக்காது. சாவி வைத்திருப்பவனைப் பார்த்து எந்த அலாரமும் ஊதுவதில்லை. நடத்துபவர் நல்லவர் என்ற நம்பிக்கையை அடித்தளமாக வைத்துக் கட்டிய அமைப்பு, அந்த நம்பிக்கை பொய்க்கும் நாளில் அவருடைய கருவியாகிவிடும்.

இந்தக் கருவியின் வரலாற்றில் வேறொரு தொடக்கமும் உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் கறுப்பினப் பெண், செவிலியர். அவரும் கணவரும் வேலைக்குப் போய்வரும் நேரங்கள் ஒன்றாக அமையாததால் பல இரவுகள் வீட்டில் தனியாக இருந்தார். கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வந்து சேராத பகுதி அது. கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து 1966இல் வீட்டுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் பார்வைத்துளைகள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் கேமரா, வந்தவரோடு பேச ஒலிவாங்கி, எட்ட இருந்தே கதவைத் திறக்க ஒரு பட்டன், உதவிக்கு அழைக்க இன்னொரு பட்டன்.

இதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. படம் தெரியும் திரையை அவர் வைத்தது தன் படுக்கையறையில். பட்டன் இருந்தது தன் கையருகில். பயப்படுகிறவள் யாரோ அவளே பார்க்கிறாள், அவளே கேட்கிறாள், கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்கிறாள். நம் ஊர் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது கருவி பெரிதாக மாறிவிடவில்லை, அது இருக்கும் அறைதான் மாறியிருந்தது. எங்கள் தோழியும் ஒரு செவிலியர், அவளும் வேளை தப்பி வீடு திரும்புகிறவள். ஒருத்தியின் தேவையிலிருந்து பிறந்த கருவி, அரை நூற்றாண்டு கழித்து இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இந்தத் தர்க்கம் பழக்கமானதுதான். கிராமத்துக் கோயில்களின் செப்புத்திருமேனிகள் களவு போகின்றன என்று அவற்றைத் திருவாரூர் தியாகராசர் கோயிலில் இருக்கும் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். திருவிழா வந்தால் அனுமதி வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து, முடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டும். சிலைகளைக் காப்பாற்ற அது தேவையாக இருக்கலாம். எங்கள் விடுதியின் கையெழுத்து நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மன்கள்தான் நினைவுக்கு வருவார்கள். போகும் நேரம், திரும்பும் நேரம், யாரோடு, என்ன காரணம். சிலைக்கு வேலை நேரம் கிடையாது, பஸ் தவறுவதும் கிடையாது. விலைமதிப்புள்ள பொருளாக நினைப்பதும் மனுஷியாக மதிப்பதும் வேறு வேறு என்பதை வேறெப்படிச் சொல்வது?

கல்வி நிறுவனங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி சட்டத்தின் முன்னும் போயிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறை, பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிகளில் மட்டும் பாகுபாடான விதிகள் வைக்கக்கூடாது என்கிறது. 2015இல் டெல்லியில் மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று இயக்கமாகத் திரண்டது விடுதிகளின் இரவுப் பூட்டை எதிர்த்துத்தான். திருச்சூர் கல்லூரி ஒன்றின் மாணவி தொடுத்த வழக்கில், மாணவர்களுக்கு உள்ள சுதந்திரம் மாணவிகளுக்கும் உண்டு என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல் சொன்னது. குடவாசல் மாதிரியான ஊர்களில் தனியார் வீடுகளில் நடக்கும் விடுதிகளை இந்த வெளிச்சம் எட்டுவதில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பல்கலைக்கழகமும் இல்லை, மாணவர் இயக்கமும் இல்லை. வாடகை கொடுக்கிறவள் என்ற ஒரே தகுதிதான் அவளுக்கு.

பட்டியலில் மூன்றாவதாக இருந்த கொல்லைக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் கொல்லைக் கதவு சாதியின் கதவு. வாசல் வழி வரக்கூடாதவர்கள் வேலைக்கு வந்து போன வழி அது. எங்கள் விடுதியில் பாத்திரம் தேய்க்கவும் குளியலறை கழுவவும் வரும் அக்காவும் அந்த வழியாகத்தான் வருவார். விடியற்காலையில் அவர் வருவதற்குள் அலாரத்தை எடுக்க வார்டன் அம்மா மறந்துவிட்ட நாட்கள் உண்டு. சைரன் ஊதும், அக்கா நடுங்கி நிற்பார். ஒருநாள் யாருடைய பணமோ காணாமல்போனபோது கைபேசியில் பதிவான நேரத்தைக் காட்டி முதலில் விசாரிக்கப்பட்டவர் அவர்தான். பணம் பிறகு ஒரு பாடப்புத்தகத்துக்குள் கிடைத்தது. நாங்கள் எங்களைக் கண்காணிப்பதைப் பற்றிக் கொதித்தோமே தவிர, அக்காவின் நேரம் பதிவாவதைப் பற்றி அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்களுக்குள்ளும் யாரை யார் கேட்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. எங்கள் ரிசீவரிலும் பதியாத சென்சார்கள் இருந்தன.

மே மாதத்தில் ஒரு மதியம் தண்ணீர்த் தொட்டி பழுதுபார்க்க ஆள் வந்தார். பகல் நேரம், அலாரம் கிடையாது. வேலை முடிந்த பிறகும் அவர் குளியலறைச் சுவரோரம் ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். உள்ளே குளித்துக்கொண்டிருந்த மாணவி கத்தினாள். தகரக் கூரையில் யாரோ தேங்காய் மட்டையைப் போட்ட சத்தத்தில் அவள் குரல் கூடத்துக்கு எட்டவில்லை. கடைசியில் கேட்டது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு. அவர் போட்ட அதட்டலில் அந்த ஆள் சாமான் பையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அன்று இரவு கூடத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். ரிசீவரைக் கூடத்துத் தூணுக்கு மாற்ற வேண்டும். குளியலறை நடையில் பேனிக் பட்டனைப் பதிந்து மாட்ட வேண்டும், பகலிலும் அது வேலை செய்ய வேண்டும். எச்சரிக்கை போகும் எண்களில் ஒன்று தங்கியிருப்பவர்களுடையதாக இருக்க வேண்டும். யாருடைய வீட்டுக்கும் அவரைக் கேட்காமல் தகவல் சொல்லக்கூடாது. இரவு வேலை உள்ளவர்களுக்கும் அக்காவுக்கும் தனித்தனி ரகசிய எண் வேண்டும். பதிவுகளை நடத்துபவர் மட்டும் பார்க்காமல் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டோம். அக்காவும் போட்டார்.

முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். அதே பையன் வந்து தூணின் உச்சியில் ரிசீவரை மாட்டினான். நான் மறுபடி ஏணியைப் பிடித்தேன். குளியலறை நடையிலிருந்து ஒருத்தி பட்டனை அழுத்த, கூடமே அதிர்ந்தது. மற்ற கோரிக்கைகளுக்கு இன்னும் பதில் இல்லை. எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது. இரவு எட்டு மணிப் பூட்டு அப்படியேதான் இருக்கிறது என்று தோழிகள் சொல்கிறார்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளில் பலர் ஏதாவதொரு விடுதியில் இருப்பீர்கள். உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒரு பெட்டி வரலாம், ஏற்கெனவே வந்திருக்கலாம். அது என்ன விலை, எந்த ஊர்த் தயாரிப்பு என்பதை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கேளுங்கள். மண்டலப் பட்டியலை யார் எழுதினார்கள்? எந்த இடம் அதில் இல்லை? ரகசிய எண் யாரிடம்? செய்தி யாருடைய கைபேசிக்குப் போகிறது, அவர் அடுத்து யாரை அழைப்பார்? பேனிக் பட்டன் சுவரில் இருக்கிறதா, டிராயரில் இருக்கிறதா? பாட்டரி தீர்ந்தால் யாருக்குத் தெரியும்? உடல்வெப்பத்தைப் பார்க்கும் சென்சார், நம் ஊர்க் கோடையில் அறையின் சூடும் உடலின் சூடும் நெருங்கும்போது தடுமாறும். அதைச் சோதித்தார்களா? மாட்டுகிற நாளன்று பக்கத்தில் நில்லுங்கள். ஏணியைப் பிடிக்கிறேன் என்று சொன்னால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.